கருவியில் இருக்கும் பெயர் யாருடையது?

(தொழிற்கல்வி, அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நம் வீட்டு எவர்சில்வர் குடத்தின் விளிம்பில் புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருக்கும். அது குடத்தைச் செய்தவரின் பெயரா என்று கேட்டால் மூன்றாம் வகுப்புக் குழந்தையே சிரிக்கும். சீர் கொடுத்த மாமாவின் பெயர் அது. இல்லாவிட்டால் வீட்டுக்காரரின் பெயர். விற்ற கடையின் பெயர் ஒட்டுத்தாளில் இருந்து, முதல் தடவை புளி போட்டுத் தேய்த்தபோதே போயிருக்கும். செய்த ஆலையின் முத்திரை அடிப்பாகத்தில் எங்கோ சிறிதாக இருக்கும், இல்லாமலும் இருக்கும். கொடுத்தவர், விற்றவர், செய்தவர் என்று ஒரே குடத்தில் மூன்று பேர். பாத்திரத்தில் நமக்கு இருக்கும் இந்தத் தெளிவு, பழைய இரும்புக் கருவி ஒன்றைக் கையில் எடுத்ததும் காணாமல் போய்விடுகிறது. முதலில் கண்ணில் படும் பெயரைத் தயாரிப்பாளர் என்றும், முதலில் கண்ணில் படும் நான்கு இலக்க எண்ணைத் தயாரித்த ஆண்டு என்றும் எழுதிவிடுகிறோம். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். எடுத்துக்காட்டாகக் கொள்ளப் போவது ஒரே ஒரு கருவி: கை டிரில்.

மின்சார டிரில் பரவுவதற்கு முன் மரத்திலும் மெல்லிய தகட்டிலும் சிறு துளை போட உலகெங்கும் பயன்பட்ட கருவி இது. இடக்கையால் மேல் கைப்பிடியைப் பிடித்து, வலக்கையால் பக்கத்துக் கைப்பிடியைச் சுழற்றினால் பெரிய பல்சக்கரம் சிறிய பல்சக்கரத்தைச் சுற்றும். அதனோடு சேர்ந்த தண்டின் முனையில் உள்ள சக், டிரில் பிட்டைப் பிடித்துக்கொண்டு வேகமாகச் சுழலும். முட்டை அடிக்கும் கருவி போல இருப்பதால் அமெரிக்கர்கள் இதற்கு அந்தப் பெயரையே செல்லப் பெயராக வைத்துவிட்டார்கள். முன்பு பொறியியல் பாடப்பிரிவோ தச்சுப் பாடமோ இருந்த உங்கள் பள்ளியின் பொருள் அறையைத் திறந்து பாருங்கள், ஒன்றிரண்டு கிடைக்கலாம். இருப்புப் பதிவேட்டில் "டிரில் - 3 எண்ணம் - பழுது" என்று ஒரு வரி இருக்கும். அடுத்த கழிவுப் பொருள் ஏலத்தில் அது எடைக்குப் போகும். போகட்டும், எல்லாவற்றையும் நாம் காப்பாற்ற முடியாது. ஆனால் போவதற்கு முன் ஒரு வகுப்பு வேளை அதை மாணவர்கள் கையில் கொடுக்கலாம். சான்று என்பது எவ்வளவு சொல்லும், எங்கே நின்றுவிடும் என்பதைக் காட்ட இதைவிட மலிவான பாடப்பொருள் எனக்குத் தெரிந்து இல்லை.

நன்கு ஆராயப்பட்ட ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மில்லர்ஸ் ஆறு என்று ஒரு சிறு ஆறு. அதன் கரையில் உள்ள ஊர் மில்லர்ஸ் ஃபால்ஸ். நீர்விசையை நம்பி 1868-இல் அங்கே தொடங்கிய கருவி நிறுவனம் ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. கை டிரில்லுக்குப் பேர்போன நிறுவனங்களில் அது ஒன்று. அதன் 2-ஆம் எண் டிரில் பல பத்தாண்டுகள் விற்பனையில் இருந்தது. சில மைல் தொலைவில் கிரீன்ஃபீல்ட் என்னும் ஊர். குடெல் சகோதரர்கள் 1888-இல் தொடங்கிய கருவித் தொழில் பின்னர் அங்கே இயங்கியது. 1899-இல் அது குடெல் பிராட் நிறுவனமாயிற்று. இரண்டும் பக்கத்து ஊர்ப் போட்டியாளர்கள். 1931-இல் குடெல் பிராட்டை மில்லர்ஸ் ஃபால்ஸ் நிறுவனம் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1962-இல் மில்லர்ஸ் ஃபால்ஸையே இங்கர்சால் ராண்ட் என்ற பெரிய நிறுவனம் வாங்கிக்கொண்டது.

இந்த வரலாறு ஒரு டிரில்லின் மேல் எப்படித் தெரியும்? குடெல் பிராட் என்ற பெயர் இருந்தால் அந்த முத்திரை 1899-க்கு முந்தியதாக இருக்க வழியில்லை, அப்படி ஒரு பெயரே அதற்கு முன் கிடையாது. "குடெல் சகோதரர்கள்" என்று மட்டும் இருந்தால் அதற்கு முந்தைய பதினோரு ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். மில்லர்ஸ் ஃபால்ஸ் என்ற நிறுவனப் பெயரோடு கிரீன்ஃபீல்ட் என்ற ஊர்ப் பெயர் சேர்ந்திருந்தால், இரண்டும் ஒன்றான பிறகு வந்த கருவி என்று கொள்வதே வழக்கம். பெயர் ஒரு கதை சொல்கிறது, முகவரி வேறொரு கதை சொல்கிறது. மாணவர்கள் பெயரைப் படித்ததும் நின்றுவிடுவார்கள். ஊரையும் படிக்கச் சொல்லுங்கள். நிறுவனத்தின் பெயர் மாறாமல் ஊர் மாறும்; ஊர் மாறாமல் பெயர் மாறும். ஆண்டு பெரும்பாலும் அந்த மாற்றத்தில்தான் அகப்படும்.

பிலடெல்பியாவில் நார்த் சகோதரர்கள் என்ற நிறுவனம் "யாங்கி" என்ற பெயரில் கருவிகள் செய்தது. 1946-இல் அதை ஸ்டான்லி நிறுவனம் வாங்கியது. வாங்கிய பிறகும் யாங்கி என்ற பெயரை விடவில்லை, சில காலம் பழைய நிறுவனத்தின் பெயரையும் கருவிகளில் தொடர்ந்து போட்டார்கள். மக்கள் நம்பிய பெயரை யார்தான் விடுவார்கள்? ஆகவே யாங்கி என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, இது நார்த் சகோதரர்கள் காலத்துக் கருவி என்று முடிவு கட்ட முடியாது. பக்கத்தில் ஸ்டான்லியின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் 1946-க்கு இப்பால்.

யாங்கி டிரில்லில் இன்னொரு வேடிக்கை உண்டு. அதன் வகை எண்கள் 1530, 1545, 1555 என்று போகும். எட்டாம் வகுப்பு மாணவனிடம் கொடுத்தால் "சார், இது பாபர் காலத்து டிரில்" என்பான். சிரிக்கத் தோன்றினாலும் அவன் செய்தது நாமும் செய்வதுதான். எண் இருக்கிறது, ஆண்டு போலத் தோன்றுகிறது, ஆகவே ஆண்டு. அவனிடம் மறுத்துச் சொல்ல வேண்டியதில்லை. "1530-இல் பிலடெல்பியா என்ற ஊர் இருந்ததா, பார்த்துச் சொல்" என்று கேட்டால் போதும். வில்லியம் பென் அந்த ஊரை நிறுவியது 1682-இல்.

ஸ்டான்லி என்றதும் இதய முத்திரையைச் சொல்லாமல் போக முடியாது. இதய வடிவத்துக்குள் எஸ், டபிள்யூ என்ற இரண்டு எழுத்துகள். 1920-இல் ஸ்டான்லியின் இரண்டு கிளை நிறுவனங்கள் ஒன்றானபோது வந்தது. 1930-களின் நடுப்பகுதி வரை இருந்தது. எழுத்துகள் ஸ்டான்லி ஒர்க்ஸ் என்பதைக் குறிக்கும். இதயம் ஏன் என்றால், நிறுவனத் தலைவராக இருந்தவரின் பெயர் வில்லியம் ஹார்ட். ஆங்கிலத்தில் இதயம் என்ற சொல்லோடு ஒலி ஒத்துப்போகிறது, சிலேடைதான். பதினைந்து ஆண்டு இடைவெளிக்குள் ஒரு கருவியைக் கொண்டுவந்து நிறுத்தும் முத்திரை என்பதால் பழங்கருவி சேர்ப்பவர்கள் இதைக் கண்டால் மகிழ்வார்கள். அதனாலேயே இந்த நூற்றாண்டில் நிறுவனம் அந்தப் பெயரைப் புதிய கருவி வரிசை ஒன்றுக்கு மீண்டும் சூட்டியது. முத்திரை பழையது, கருவி புதியது என்பதும் நடக்கும்.

இனி, செய்தவரே இல்லாத பெயர்கள். அமெரிக்காவில் பெரிய வணிக நிறுவனங்கள், கருவி செய்பவர்களிடம் மொத்தமாகச் செய்யச் சொல்லித் தம் பெயரைப் பொறித்து விற்றன. கிராஃப்ட்ஸ்மேன் என்பது சியர்ஸ் என்ற அஞ்சல்வழி வணிக நிறுவனத்தின் விற்பனைப் பெயராக இருந்தது. கீன் கட்டர் என்பது செயின்ட் லூயிஸ் நகரத்துச் சிம்மன்ஸ் வன்பொருள் வணிக நிறுவனத்தின் பெயர். மில்லர்ஸ் ஃபால்ஸ் போன்றவர்கள் இப்படிப் பிறர் பெயருக்கும் செய்து கொடுத்தார்கள். அப்படியானால் உண்மையில் செய்தவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கே எழுத்து கைவிட்டுவிடும். உருவம்தான் பேச வேண்டும். பெரிய சக்கரத்தின் ஆரங்கள் எந்த வளைவில் இருக்கின்றன, சட்டகம் எப்படி வார்க்கப்பட்டிருக்கிறது, சிறிய பல்சக்கரம் ஒன்றா இரண்டா, பற்கள் எத்தனை என்று எண்ணி, பெயர் தெரிந்த டிரில்லோடு ஒப்பிட வேண்டும். பற்களை எண்ணும்போது கணித ஆசிரியரையும் கூப்பிட்டுக்கொள்ளலாம். பெரியதில் 60, சிறியதில் 15 என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு நான்கு சுற்று. விகிதப் பாடம் கையில் சுழல்வதை மாணவர்கள் உணர்வார்கள்.

சக்கின் மேல் இருக்கும் பெயரில் கூடுதல் கவனம் வேண்டும். சக் தனியே கழற்றி மாட்டக்கூடிய உறுப்பு, தனியாக விற்கவும் செய்தார்கள். ஆர்தர் ஜேக்கப்ஸ் என்பவர் 1902-இல் சாவி போட்டு இறுக்கும் சக்குக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயரில் ஹார்ட்ஃபோர்டில் அமைந்த நிறுவனத்தின் சக்குகள் எத்தனையோ நிறுவனங்களின் டிரில்களில் ஏறின. சக்கில் ஜேக்கப்ஸ் என்று இருந்தால் சக்கைச் செய்தவர் ஜேக்கப்ஸ், அவ்வளவுதான். மிதிவண்டி டயரில் இருக்கும் பெயரைப் பார்த்து மிதிவண்டியின் பெயரைச் சொல்வோமா?

அடுத்தது காப்புரிமை. பலர் வழுக்கி விழும் இடம் இது. டிரில்லில் "பேட்." என்று தொடங்கி ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதியில் இந்தக் கருவி செய்யப்பட்டது என்று அதற்குப் பொருள் கிடையாது. இதிலுள்ள ஏதோ ஒரு நுட்பத்துக்கு அந்த நாளில் அமெரிக்க அரசு உரிமை வழங்கியது என்பது மட்டுமே பொருள். வில்லியம் பார்பர் என்பவர், பிரேஸ் எனப்படும் வளைகைத் துளைக் கருவிக்கான சக் ஒன்றுக்கு 1864 மே 24 அன்று உரிமை பெற்றார். மில்லர்ஸ் ஃபால்ஸ் நிறுவனம் அந்த நுட்பத்தை வைத்துக்கொண்டுதான் வளர்ந்தது. நிறுவனம் பிறந்ததோ 1868-இல். அவர்கள் செய்த பிரேஸில் 1864 என்று இருந்தால் கருவிக்கு வயது என்ன? 1864 என்று எழுதும் மாணவன், பிறக்காத நிறுவனத்தைக் கருவி செய்ய வைக்கிறான்! "1864-க்குப் பிறகு" என்பதே அந்தத் தேதி தரும் விடை. நிறுவனத்தின் பெயரும் சேர்ந்தால் "1868-க்குப் பிறகு".

மேல் எல்லைக்கும் ஓரளவு வழி உண்டு. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி உரிமை பதினேழு ஆண்டுகள். அது முடிந்த பிறகு தேதியைப் பொறிப்பதில் வணிகப் பயன் குறைவு. ஆனால் பழைய அச்சு இருக்கும்வரை அதையே அடித்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. ஆகையால் பதினேழு ஆண்டு என்பது நம் ஊகத்துக்கு ஓர் உதவி. அதைத் தீர்ப்பாக எழுதக் கூடாது.

1927-இல் சட்டம் மாறி, தேதிக்குப் பதிலாக உரிமை எண்ணைப் பொறிக்கும் முறை வந்தது. எண்ணாக இருந்தால் நமக்கு இன்னும் எளிது. அமெரிக்க உரிமை எண் பத்து லட்சத்தைத் தொட்டது 1911 ஆகஸ்ட் 8. இருபது லட்சம் 1935 ஏப்ரல் 30. முப்பது லட்சம் 1961 செப்டம்பர் 12. இந்த மூன்று நாள்களையும் கரும்பலகையில் எழுதி வையுங்கள். டிரில்லில் 19 லட்சத்துச் சொச்சம் ஓர் எண் இருந்தால் அது எந்த இரண்டு நாள்களுக்கு நடுவில் வழங்கப்பட்டது என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள். எண் கோட்டுப் பாடம் இது. பிரிட்டிஷ் எண்ணை இப்படிக் கையாள முடியாது. அங்கே 1915 வரை ஒவ்வோர் ஆண்டும் எண் ஒன்றிலிருந்து தொடங்கியது. 1916 முதல்தான் ஒரு லட்சத்து ஒன்றில் தொடங்கித் தொடர்ச்சியாகப் போகிறது. ஆண்டு இல்லாமல் 8,450 என்று மட்டும் இருந்தால் அது பல ஆண்டுகளுக்குப் பொருந்தும்.

தேதி பாதி தேய்ந்திருந்தால் ஒரு சிறு உபாயம் இருக்கிறது. அமெரிக்கக் காப்புரிமைகள் நெடுங்காலமாகச் செவ்வாய்க்கிழமைகளில்தான் வழங்கப்படுகின்றன. மேலே சொன்ன நாள்களைச் சரிபாருங்கள், 1864 மே 24 உட்பட எல்லாம் செவ்வாய். தேய்ந்த எழுத்து 13-ஆ 18-ஆ என்று தெரியவில்லை என்றால், அந்த மாதத்தில் எது செவ்வாய் என்று கணக்கிடலாம். இரண்டும் இல்லையென்றால் மாதத்தையோ ஆண்டையோ தப்பாகப் படித்திருக்கிறோம். கிழமை கண்டுபிடிக்கும் கணக்கை எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்கும் மாணவனுக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள்.

நாட்டின் பெயரும் காலம் சொல்லும். 1891 மார்ச் முதல் அமெரிக்காவுக்குள் வரும் வெளிநாட்டுப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் விதித்தது. பிரிட்டனில் 1887-இல் வணிக முத்திரைச் சட்டம் வந்தது. 1889-இல் இந்தியாவுக்கும் அதுபோல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஜெர்மானியக் கருவிகளில் நாட்டின் பெயரே ஒரு வரலாற்றுப் பாடம். வெறும் "ஜெர்மனி" என்பதைவிட "மேற்கு ஜெர்மனி" என்பது தெளிவானது, நாடு பிரிந்த பிறகு வந்தது. "அமெரிக்க மண்டலம்" என்று இருந்தால் போர் முடிந்த 1945-ஐ ஒட்டிய சில ஆண்டுகள். அதே ஜெர்மானியக் கருவிகளில் டி.ஆர்.ஜி.எம். என்று நான்கு எழுத்துகள் இருக்கும். அதை நிறுவனத்தின் பெயர் என்று எழுதி விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஜெர்மானியப் பேரரசின் சிறு கண்டுபிடிப்புப் பதிவு என்பதன் சுருக்கம் அது. அந்தப் பதிவு முறை தொடங்கியது 1891-இல். நம் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து "ஐ.எஸ்.ஐ. கம்பெனி" என்று சொல்வதைப் போன்றது. கடையில் அப்படிக் கேட்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நாட்டின் பெயர் இல்லாவிட்டால் என்ன சொல்வது? ஒன்றும் சொல்ல வேண்டாம். உள்நாட்டில் விற்ற கருவிக்கு அந்தச் சட்டம் கிடையாது. ஒட்டுத்தாளில் இருந்து போயிருக்கவும் கூடும். இல்லாததைச் சான்றாக்கும் ஆசை மாணவர்களுக்கு மட்டும் உரியதன்று.

கடைசியாக உடைமையாளர் குறி. பிரிட்டிஷ் அரசுடைமைப் பொருள்களில் அகன்ற அம்புக்குறி இருக்கும். அது அரசின் சொத்து என்பதற்கான அடையாளம். ரயில்வேக்களும் தம் பொருள்களில் பெயர்ச் சுருக்கத்தைப் பொறித்தன. நம் பக்கத்தில் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் ஒரு கருவியில் எஸ்.ஐ.ஆர். என்று தென்னிந்திய ரயில்வேயின் எழுத்துகள் இருந்தால், அந்த முத்திரை விழுந்தது 1951-க்கு முன் என்று கருத இடமுண்டு. அந்த ஆண்டு ஏப்ரல் 14 அன்று அது தெற்கு ரயில்வேயில் இணைந்துவிட்டது. கருவி இங்கிலாந்தில் பிறந்ததா அமெரிக்காவில் பிறந்ததா என்று அந்த எழுத்துகள் சொல்லாது. ஆனால் யாரோ ஒருவர் திருச்சிப் பக்கத்துப் பணிமனையில் அதைப் பிடித்து வேலை செய்திருக்கலாம் என்ற எண்ணத்தை அவை தரும். எனக்குத் தயாரிப்பாளர் பெயரைவிட அதுவே பெரிதாகப் படுகிறது.

இனி கையாளும் முறை. பழைய டிரில் கிடைத்ததும் மாணவர்கள் செய்யும் முதல் வேலை உப்புத்தாளை எடுத்துப் பளபளப்பாக்குவது. தடுத்துவிடுங்கள். வார்ப்பில் எழுந்து நிற்கும் எழுத்து தாங்கும். ஆழமில்லாமல் அடித்த எழுத்து தாங்காது. மரக் கைப்பிடியில் ஒட்டிய வண்ணப் படம் ஒரு துடைப்பில் போய்விடும். முதலில் எதையும் தொடாமல் படம் எடுக்க வேண்டும். பிறகு உலோகப் பகுதியை மட்டும் துணியில் சிறிது மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கலாம். அதை ஆசிரியரே செய்வது நல்லது, அருகில் நெருப்பு கூடாது. அறையை இருட்டாக்கி, டார்ச்சை மிகச் சாய்வாகப் பிடித்தால் தேய்ந்த எழுத்தின் நிழல் எழும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தாலும் எழுத்து வரும். கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதும் இதே அடிப்படைதான்; சமூக அறிவியல் ஆசிரியர்கள் இரண்டையும் ஒரே வகுப்பில் சேர்த்துவிடலாம்.

சக்கரத்தின் முகம், சுழற்றும் கை, சட்டகத்தின் இரு பக்கம், சக்கின் சுற்று, கைப்பிடியின் பூண் என்று எழுத்து இருக்கக்கூடிய எல்லா இடங்களையும் பார்த்த பிறகு எழுதச் சொல்லுங்கள். தாளை இரண்டாக மடித்து இடப்பக்கம் கண்ணால் பார்த்தது மட்டும், எழுத்து மாறாமல். தேய்ந்த எழுத்துக்குப் புள்ளி வைக்க வேண்டும், நிரப்பக் கூடாது. வலப்பக்கம் அதிலிருந்து பெற்ற முடிவு. ஒவ்வொரு முடிவிலிருந்தும் இடப்பக்கத்துச் சான்றுக்கு ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு இழுக்க முடியாத முடிவை அடித்துவிடலாம். கைப்பேசியில் படம் எடுத்துத் தேடினால் ஒரு நொடியில் பெயரும் ஆண்டும் வந்துவிடும் என்று மாணவர்கள் சொல்வார்கள். வரட்டும். அந்த விடையையும் வலப்பக்கத்தில் எழுதி, அதற்கும் கோடு இழுக்கச் சொல்லுங்கள். ஆண்டுக்குக் கோடு கிடைக்கிறதா என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

மதிப்பெண் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். "மில்லர்ஸ் ஃபால்ஸ், 1935" என்று எழுதிய தாளைவிட, "மில்லர்ஸ் ஃபால்ஸ் பெயரில், கிரீன்ஃபீல்ட் முகவரியோடு, ஆகவே 1931-க்குப் பிந்தையதாக இருக்கலாம், சக் மாற்றப்பட்டதா என்று தெரியவில்லை" என்று எழுதிய தாள் குழப்பமாகத் தோன்றும். இரண்டாவதற்குக் கூடுதலாகப் போடுங்கள். ஏன் என்று வகுப்பில் சொல்லியும் விடுங்கள், இல்லாவிட்டால் முதல் தாளை எழுதியவன் அடுத்த முறையும் அப்படியே எழுதுவான்.

அந்தத் தாளின் ஒரு படியை இருப்புப் பதிவேட்டில் "டிரில் - 3 எண்ணம்" என்ற வரிக்கு எதிரே இணைத்து வைக்கலாம். ஏலத்துக்குப் போவதா, பள்ளியிலேயே ஒரு கண்ணாடி அலமாரியில் இருப்பதா என்பதைத் தலைமை ஆசிரியர் முடிவு செய்யட்டும். இப்போது உங்கள் மேசைகளுக்கு நான்கு டிரில்கள் வருகின்றன. ஒன்றில் பெயரே இல்லை, அதிலிருந்து தொடங்குங்கள்.